முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு: வாசகர் கேள்வி – பதில்

பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரின் அன்றாட வாழ்வையும் அவர்களுடைய நட்புகளையும் பற்றி வந்திருந்த மூன்று கடிதங்களை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் கொழும்பிலிருந்து வந்தவை. எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: மதிப்புக்குரிய அம்மாவுக்கு, எனது மூத்த மகன் கடந்த ஆண்டு டெங்குக் காய்ச்சலில் தவறிவிட்டான். அப்போது அவன் ஆறாம் தரத்தில் படித்துக்கொண்டிருந்தான். இளையவள் இப்போது மூன்றாம் தரம். மகனுடைய வகுப்புத் தாய்மார் ஐந்து பேர் எனக்குக் கூடப்பிறந்தவர்களைப் போல இருந்தார்கள். புலமைப்பரிசில் பரீட்சைக் காலத்தில் ஒருவர் வீட்டில் மற்றவர் பிள்ளைகள் சாப்பிட்டுப் படித்தார்கள். மகன் போனபோது ஒரு மாதம் எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்ததும் அவர்கள்தான். இப்போது எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒருவரும் எழுதுவதில்லை. என்னைச் சேர்க்காமல் வேறொரு குழுவைத் தொடங்கி அதில் கதைக்கிறார்கள் என்று இன்னொருவர் வாயிலாக அறிந்தேன். கோயிலில் கண்டால் சுற்றுப்பிரகாரத்தின் மற்றப் பக்கத்தால் போய்விடுகிறார்கள். போன மாதம் எங்கள் தொடர்மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் லிஃப்டில் வைத்து, "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார். மகள் பக்கத்தில் நிற்க, "ஒரு மகள்தான்" என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு என்னால் தூங்க முடியவில்லை. பிழை அவர்களிடமா, என்னிடமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்களிடம் பிழையில்லை. அவர்கள் செய்தது பிழைதான். ஆனால் அது வன்மத்தால் வந்ததன்று, பயத்தால் வந்தது. பிள்ளைகளின் புள்ளிகளையும் விளையாட்டுப் போட்டியையும் பற்றிக் கதைத்தால் உங்களுக்கு நோகும் என்று ஒருவர் சொல்லியிருப்பார், மற்றவர்கள் மறுத்துப் பேசத் தைரியமில்லாமல் ஒத்துக்கொண்டிருப்பார்கள். உங்களிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுச் செய்திருந்தால் அதைப் பரிவு என்று சொல்லலாம். கேட்காமல் செய்ததால் அது உங்களை ஒதுக்கிவைத்ததாக முடிந்தது. உங்களுக்கு வரும் கோபம் நியாயமானது. அதை அடக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

அவர்களுடைய பயம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சிறிது பார்க்கவேண்டும். எங்கள் சமூகத்துக்குச் செத்தவீடு நடத்த நன்றாகத் தெரியும். செய்தி பரவிய ஒரு மணித்தியாலத்துக்குள் கதிரை வந்துவிடும், தேநீர் ஊற்ற ஆள் வந்துவிடும். எட்டுச் செலவுக்கு என்ன சமைப்பது, அந்தியேட்டிக்கு ஐயரை யார் ஒழுங்குசெய்வது, கல்வெட்டு என்ற நினைவு மலருக்குப் படம் யார் தெரிவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் முன்னே நிற்பார். முப்பத்தோராம் நாளோடு அந்த ஏற்பாடுகள் முடிந்துவிடும். முப்பத்திரண்டாம் நாள் அந்த வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று யாருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. போனது பிள்ளையென்றால் தடுமாற்றம் இன்னும் கூடும். தகப்பனுக்காக ஆடி அமாவாசையும் தாய்க்காகச் சித்திரா பௌர்ணமியும் பிள்ளைகள் விரதமிருக்கும் நாட்கள். பிள்ளைக்காகப் பெற்றவர்கள் இருக்கும்படியாக அப்படியொரு நாளை எங்கள் வழக்கம் வைக்கவில்லை. புத்திர சோகத்தால் உயிர்விட்ட தசரதனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். உயிரை விடாமல், அடுத்த திங்கட்கிழமை இளைய பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்துப் பாடசாலைக்கு அனுப்பவேண்டியிருந்த தாயின் கதையை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. உங்கள் சிநேகிதிகளுக்கும் அது தெரியாது.

ஆகவே அவர்களுக்கு வழிகாட்டும் வேலை உங்கள் தலையில் விழுகிறது. இது அநியாயம். துக்கத்தில் இருப்பவரே மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. என்றாலும், நட்பை மீட்டுக்கொண்ட தாய்மார் பலர் இந்த வழியாலேயே மீட்டிருக்கிறார்கள். ஐந்து பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டுக் கணக்குத் தீர்க்கப் போகாதீர்கள். ஐவரும் சேர்ந்திருந்தால் ஐவரும் மன்னிப்புக் கேட்டு அழுவார்கள், நீங்கள்தான் அவர்களைத் தேற்றவேண்டி வரும். ஒருவரை மட்டும் தெரிவுசெய்யுங்கள். அவர் உங்களோடு மிக நெருக்கமாக இருந்தவராக இருக்கவேண்டியதில்லை. உங்கள் கண் கலங்கும்போது பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க எழும்பாமல், இருந்த இடத்தில் இருக்கக்கூடியவர் யாரோ அவரைத் தெரிந்தெடுங்கள். அவருக்கு இப்படி எழுதலாம்: "புதுக் குழுவைப் பற்றி எனக்குத் தெரியும். கோபமும் இருந்தது. பிள்ளைகளைப் பற்றி என் முன்னால் கதைக்கலாம், என் மகனின் பெயரையும் சொல்லலாம். அழுகை வந்தால் அழுதுவிட்டு நானும் சேர்ந்து கதைப்பேன்." இதைவிட நீட்டவேண்டாம்.

அடுத்ததாக, அவரிடம் ஒரு சின்ன உதவி கேளுங்கள். "என்ன வேண்டுமென்றாலும் சொல்லுங்கோ" என்று அவர்கள் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள். அந்த வாக்கை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் கேட்க முடியாது. கேட்பதென்றால் நாளும் நேரமும் வைத்துக் கேட்கவேண்டும். பிற்பகல் ஒன்றரை மணியை எடுத்துக்கொள்ளுங்கள். பாடசாலை விட்டு வான்கள் காலி வீதியை நிறைக்கிற அந்த நேரம், மகனுக்காகப் பல ஆண்டு அதே நேரத்தில் வாசலில் காத்து நின்ற உங்களுக்கு ஒவ்வொரு நாளும் வருகிறது. "செவ்வாயும் வியாழனும் ஒன்றரைக்கு எனக்கு ஒரு கோல் எடுங்கோ, பத்து நிமிடம் போதும்" என்று கேட்டால் அவருக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிடும். வேலை கிடைத்தவுடன் பயம் பாதி போய்விடும். மகனின் பிறந்தநாள், தவறிய திதி, ஒக்டோபர் 1 சிறுவர் தினம் ஆகியவற்றையும் அவரிடம் சொல்லிவையுங்கள். அவனுடைய வகுப்புப் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை எழுதும் ஆண்டும் ஒருநாள் வரும். பெறுபேறு வெளியாகும் நாளில் யார் உங்களோடு இருப்பது என்பதை முன்கூட்டியே யோசித்து வைப்பது நல்லது. அந்தப் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம் இவன் இப்போது எவ்வளவு உயர்ந்திருப்பான் என்று மனம் அளந்து பார்க்கும். அதைத் தடுக்க முடியாது. பொறாமை என்று உங்களையே திட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

"எத்தனை பிள்ளைகள்?" என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. லிஃப்டில் நாலு மாடி கூட வருகிறவருக்கும், இனிப் பல ஆண்டு அயலில் இருக்கப்போகிறவருக்கும் வேறு வேறு பதில் சொல்லலாம். முதலாமவருக்கு "மகள் மூன்றாம் தரம் படிக்கிறா" என்றால் போதும். எண்ணிக்கையே சொல்லாத பதில் அது. இரண்டாமவருக்கு "இரண்டு பேர், மூத்தவர் தவறிவிட்டார்" என்று சொல்லலாம். சொன்னவுடன் எதிரே நிற்பவரின் முகம் வெளிறும், மன்னிப்புக் கேட்பார். "பரவாயில்லை, அவரைப் பற்றிக் கேட்டது எனக்குச் சந்தோஷம்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அந்த இடம் இறுகாது. "ஒரு மகள்தான்" என்று சொன்ன நாளில் நீங்கள் மகனைக் கைவிடவில்லை, களைத்துப்போயிருந்தீர்கள், அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் நின்ற மகள் அதைக் கேட்டிருக்கிறாள் என்பதை இலேசாக விடாதீர்கள். "தெரியாதவர்களிடம் அண்ணாவைப் பற்றிக் கதைக்க அம்மாவுக்குச் சில நேரம் ஏலாமல் இருக்கு; அண்ணா எப்போதும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான்" என்று அவளிடம் சொல்லுங்கள். அவளிடமும் பாடசாலையில் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவள் என்ன பதில் சொல்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஆறுதல் என்ற பெயரில் சிலர் சொல்லும் வார்த்தைகளைப் பற்றி நீங்கள் கடிதத்தில் நிறைய எழுதியிருந்தீர்கள். "கடவுளுக்குப் பிடித்த பிள்ளை", "ஊழ்வினை", "இன்னொரு பிள்ளையைப் பெறுங்கோ", "மகளாவது இருக்கிறாளே". இவற்றைச் சொல்பவர்களோடு வாதாட வேண்டியதில்லை. "அப்படி நினைக்க எனக்கு இன்னும் முடியவில்லை" என்று சொல்லிவிட்டு எழும்பி வரலாம். எங்கள் வீடுகளில், பிள்ளையைப் பறிகொடுத்த கிசா கௌதமியின் கதையையும் இப்படித்தான் எடுத்து வீசுகிறார்கள்: சாவு விழாத வீட்டில் கடுகு வாங்கி வா என்று புத்தர் அனுப்பினார், எல்லா வீட்டிலும் சாவு உண்டு என்று அவள் தெளிந்தாள், ஆகவே நீயும் தெளி. கதையைச் சரியாகப் பார்த்தால் புத்தர் அவளுக்கு உடனே உபதேசம் செய்யவில்லை. வீடு வீடாகப் போகச் சொன்னார். ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் தங்கள் வீட்டில் போனவரைப் பற்றி அவளிடம் சொன்னார்கள். சொல்ல ஆளும் கேட்க ஆளும் இருந்ததைத்தான் நான் அந்தக் கதையில் முக்கியமாகக் காண்கிறேன்.

அந்த மாதிரியான பேச்சு இன்னொரு நாட்டில் ஓர் அமைப்பாகவே வளர்ந்திருக்கிறது. இங்கிலாந்தின் கொவென்றி நகர மருத்துவமனையில் 1968இல், லோலி, ஹென்டர்சன் என்ற இரு குடும்பங்களின் மகன்மார் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். ஒரு பிள்ளை விபத்தில், மற்றது புற்றுநோயில். முன்பின் அறியாத அந்த இரு தாய் தந்தையரும் பூ அனுப்பியதில் தொடங்கி, ஒன்றாகத் தேநீர் குடித்து, பிள்ளைகளைப் பற்றி மணிக்கணக்காகக் கதைத்தார்கள். மருத்துவமனையின் இளம் பாதிரியார் சைமன் ஸ்டீபன்ஸ், தாம் சொன்ன எந்த ஆறுதலையும்விட அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்தது பெரிது என்று கண்டார். அடுத்த ஆண்டு, 1969இல், 'கம்பாஷனேட் பிரெண்ட்ஸ்' என்ற அமைப்பு அந்த நகரில் தொடங்கியது. இன்று பல நாடுகளில் இருக்கிறது. டிசம்பர் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு இரவு ஏழு மணிக்கு, அந்தந்த நாட்டு நேரப்படி, போன பிள்ளைகளுக்காக விளக்கேற்றும் வழக்கமும் அவர்களால் பரவியது. வெள்ளவத்தையில் இதற்கு அமைப்பு எதுவும் வேண்டாம். உங்கள் கோயிலிலோ மகளின் பாடசாலையிலோ பிள்ளையை இழந்த இன்னொரு தாய் நிச்சயமாக இருப்பார். அவரை ஒருநாள் தேநீருக்குக் கூப்பிடுங்கள். பழைய சிநேகிதிகளுக்கு விளக்கிச் சொல்லவேண்டிய பலவற்றை அவருக்குச் சொல்லத் தேவையிருக்காது.

பகிடிக்குச் சிரித்துவிட்டு, பிறகு குற்றவாளியைப் போல உணர்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷுட் இருவரும் 1999இல் எழுதிய விளக்கத்தில், துக்கப்படுபவர் இழப்பை நோக்கி ஒரு நேரமும் வாழவேண்டிய வாழ்க்கையை நோக்கி இன்னொரு நேரமும் மாறி மாறிப் போவதே இயல்பு என்றார்கள். சிரிப்பும் அந்தப் போக்குவரத்தில் சேர்ந்தது. மாதக்கணக்காக ஒரு பக்கத்திலேயே நின்றுவிட்டால்தான் கவனிக்கவேண்டும். எழும்பிக் குளிக்கவும் சாப்பிடவும் மனமில்லாமல், மகனிடம் போய்விடவேண்டும் என்ற எண்ணம் வந்தால், நாள் பார்த்துக்கொண்டு இருக்காமல் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழையுங்கள். 1974இல் கொழும்பில் தொடங்கிய 'சுமித்ரயோ' அமைப்பின் தொண்டர்களும் கேட்பதை இரகசியமாக வைத்துப் பேசுவார்கள்.

அந்த ஐந்து பேரில் ஒருவரோ இருவரோ திரும்பி வரமாட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் ஓடவேண்டாம். பழைய குழுவிலிருந்து நீங்கள் விலகவும் வேண்டாம். அதில் மகனின் படங்கள் இருக்கின்றன.

கேள்வி: அம்மா, எனது பால்ய சிநேகிதியின் ஒரே மகள் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீதி விபத்தில் இறந்துவிட்டாள். அவளும் எனது மகளும் ஒரே வயது. வருகிற மாதம் பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் எனது மகளின் சாமத்தியவீடு. சிநேகிதியைக் கூப்பிடவேண்டாம், அவளுக்கும் வேதனை, மங்கல காரியத்துக்கும் கூடாது என்று மாமியார் சொல்கிறார். நான் என்ன செய்வது?
– ஒரு சிநேகிதி, தெஹிவளை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மாமியார் சொன்னதில் இரண்டு காரணங்கள் ஒன்றோடொன்று சுற்றியிருக்கின்றன. இரண்டாவதை முதலில் தள்ளிவிடுவோம். பிள்ளையை இழந்த ஒரு பெண் சபையில் நின்றால் மங்கலம் குறைந்துவிடும் என்பதை நான் மூடநம்பிக்கை என்றுகூடச் சொல்லமாட்டேன். அது கொடுமை. மாமியாரோடு இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் கணவரைக் கொண்டு பேசவையுங்கள், அது சுலபமாக இருக்கும்.

வேதனை என்ற காரணம் உண்மையானது. ஆனால் அந்த வேதனைக்காக எங்கே போவது, எங்கே போகாமல் விடுவது என்று தீர்மானிக்கவேண்டியவர் உங்கள் சிநேகிதி. அழைப்பிதழ் அச்சாகி எல்லாருக்கும் போன பிறகு கடைசியாகப் போய்க் கொடுக்காதீர்கள். படங்களை முகநூலில் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் விடாதீர்கள். அதற்கு முன்னரே, மகளைக் கூட்டிப்போகாமல், நீங்கள் தனியாக அவருடைய வீட்டுக்குப் போங்கள். "உன் மகளும் இந்த வருஷம் பெரியபிள்ளையாகியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டுதான் இந்த ஏற்பாடெல்லாம் செய்கிறேன்" என்று, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, வெளிப்படையாகப் பேசுங்கள். அவர் அழலாம். நீங்கள் போய்த்தான் அந்த அழுகை வந்ததென்று நினைக்கவேண்டாம். அது ஏற்கெனவே அங்கே இருந்தது. பிறகு நாலைந்து வழிகளை முன்னே வைத்துவிட்டு வாருங்கள்: மண்டபத்துக்கு வரலாம், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வரலாம், முதல்நாள் வீட்டுக்கு வந்து பலகாரம் சுட உதவலாம், மகளை வேறொரு நாள் தனியே கண்டு ஆசீர்வதிக்கலாம், ஒன்றும் செய்யாமலும் விடலாம். வருவதாகச் சொல்லிவிட்டு அன்று காலை வராமல் விட்டாலும் காரணம் கேட்கமாட்டேன் என்று முன்னமே சொல்லிவிடுங்கள். வந்தால் ஆலாத்தி எடுக்கக் கூப்பிடுவதா என்பதையும் அந்த இடத்தில் திடீரென்று தீர்மானிக்காமல் அன்றைக்கே கேட்டு வையுங்கள். சிலருக்கு அது பெரிய கௌரவம், சிலருக்குத் தாங்கமுடியாதது. முகத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது. மண்டபத்தில் அவரோடு கூடவே இருப்பதற்கு உங்கள் இருவருக்கும் பொதுவான ஒரு சிநேகிதியை ஒழுங்குசெய்யுங்கள், ஏனென்றால் அன்று உங்களுக்கு நேரமிருக்காது.

விழா முடிந்த அடுத்த வாரத்தில் அவருக்கு நிச்சயம் ஒரு அழைப்பு எடுங்கள். கஷ்டமான நாள் என்று எல்லாரும் நினைப்பது விழா நாளை. பலருக்கு அது அதற்குப் பிறகுதான் வருகிறது.

கேள்வி: புறக்கோட்டையில் வியாபாரம் செய்கிறேன். எங்கள் மகன் பிறந்து ஏழு மாதத்தில் இருதய நோயால் போய்விட்டான். கடைக்கு வருபவர்கள் எல்லாரும் "வீட்டில அவ எப்படி இருக்கிறா?" என்று கேட்கிறார்கள். நான் எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை. மனைவியோடு இதைப் பற்றிக் கதைக்கவும் முடியவில்லை. பிள்ளையை இழந்த தம்பதிகளில் பெரும்பாலோர் பிரிந்துவிடுவார்கள் என்று ஓர் உறவினர் சொன்னதிலிருந்து பயமாகவும் இருக்கிறது. இந்தக் கடிதத்தை மனைவிக்குக் காட்டலாமா?
– ஒரு தகப்பன், கொட்டாஞ்சேனை

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

உறவினர் சொன்னது பல காலமாகக் காதோடு காதாகப் பரவிவரும் பொய். மேலே நான் குறிப்பிட்ட 'கம்பாஷனேட் பிரெண்ட்ஸ்' அமைப்பு அமெரிக்காவில் 2006இல் பெற்றோரிடம் நடத்திய கணக்கெடுப்பில், பிள்ளை இறந்தபின் விவாகரத்தானவர்கள் 16 வீதம்தான். அங்கேயே அப்படியென்றால் நீங்கள் அந்தப் பயத்தைச் சுமக்கவேண்டியதில்லை. கணவனும் மனைவியும் ஒரே மாதிரி, ஒரே நேரத்தில் துக்கப்படுவதில்லை. ஒருவர் கதைக்க விரும்பும் நாளில் மற்றவர் கடைக்கணக்கில் தலையைப் புதைத்துக்கொள்வார். அதைப் பாசக்குறைவு என்று இருவரும் பிழையாக எடுப்பதுதான் ஆபத்து.

"அவ எப்படி?" என்று கேட்பவரிடம், "அவ ஓரளவு பரவாயில்லை, எனக்குத்தான் கஷ்டமாக இருக்கு" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஆண்கள் எதிரெதிரே இருந்து கதைப்பதைவிடப் பக்கத்தில் நடந்துகொண்டு கதைப்பது சுலபம் என்பது என் அனுபவம். ஆகவே நம்பிக்கையான ஒருவரை, கடை பூட்டியபின் காலிமுகத்திடலுக்கு நடக்கக் கூப்பிடுங்கள். ஏழு மாதக் குழந்தைதானே என்று சொல்பவராக மட்டும் அவர் இருக்கக்கூடாது.

கடிதத்தை மனைவிக்குக் காட்டுங்கள். ஆனால் இந்தப் பதிலோடு சேர்த்துக் காட்டவேண்டாம். முதலில் உங்கள் கடிதத்தை மட்டும் வாசிக்கக் கொடுங்கள். அவர் சொல்வதைக் கேட்டபிறகு, தேவையென்றால் இதைக் கொடுக்கலாம்.